கையடக்க ஜிபிஎஸ்ஸுக்கு ஓப்பன் சோர்ஸ் மேப்: எதை எடுக்கணும், எப்படி ஏத்தணும்

கார்மின் ஈட்ரெக்ஸ் மாதிரி ஒரு கையடக்க ஜிபிஎஸ் புதுசா வாங்கிட்டீங்க, ஆன் பண்ணிப் பாத்தா நேஷனல் ஹைவே ரெண்டு கோடு, பெரிய ஊர் பேரு நாலு, அவ்வளவுதான் தெரியுது. போடிக்கு மேல குரங்கணில நின்னுக்கிட்டு பாத்தீங்கன்னா வெறும் ஸ்கிரீன்ல ஒரு அம்புக்குறி மட்டும்தான் நிக்கும். டிவைஸ் ரிப்பேர்லாம் இல்லைங்க, அதுக்குள்ள இருக்கிறது பேஸ்மேப்னு சொல்ற, உலகம் பூராவுக்கும் மேலோட்டமா போட்ட ஒரு மேப், நம்ம ஏரியாவுக்கு விவரமான மேப்பை நாமதான் ஏத்திக்கணும். அதுக்குக் காசு குடுத்தும் வாங்கலாம், ஆனா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து எடுத்தா இலவசம், அதுல தப்பு இருந்தா நாமளே திருத்தலாம், அடுத்த மாசம் திருத்தின மேப்பையே திரும்ப ஏத்திக்கலாம், எனக்கு அந்த ரெண்டாவது விஷயம்தான் முதல் விஷயத்தை விடப் பெருசு.

புதுசா வர்றவங்க எங்க திணறுறாங்கன்னா, தேடினா ஒரே நேரத்துல ஐம்பது பெயர் வந்து விழும், மேப் குடுக்கிற சைட்டு, மேப் செய்ற புரோகிராம், மேப் பாக்குற புரோகிராம், ஃபைல் மாத்துற புரோகிராம்னு எல்லாம் ஒண்ணாக் கலந்து கிடக்கும், எது எதுக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால முதல்லயே பிரிச்சு வச்சுக்கோங்க. டிவைஸுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் கம்பெனியோடது, அதை நம்மால மாத்த முடியாது, மாத்தவும் தேவையில்ல. அதுக்குள்ள போற மேப் ஃபைல் வேற, இது ஓப்பன் டேட்டால இருந்து வரும். கம்ப்யூட்டர்ல உக்காந்து பாதை போட்டு, டிவைஸுக்கு அனுப்பி, திரும்பி வந்து டிராக்கை, அதாவது நடந்த பாதையோட பதிவை, எடுத்துப் பாக்குற சாஃப்ட்வேர் வேற, ஓப்பன் சோர்ஸ்னு (எப்படி எழுதியிருக்குன்னு யாரு வேணா பாக்கலாம், மாத்தலாம்) நாம தேடுறது இதைத்தான். நான் இங்க சொல்றது கார்மினை வச்சு, ஏன்னா நம்ம பக்கம் பெரும்பாலும் கைல இருக்கிறது அதுதான்.

முதல்ல டிவைஸைப் பாருங்க

எல்லா மாடல்லயும் மேப் ஏத்த முடியாது, வாங்குறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துடணும். ஈட்ரெக்ஸ் 10, 2023ல வந்த ஈட்ரெக்ஸ் எஸ்ஈ ரெண்டுலயும் வெளி மேப் ஏறாது, வேபாய்ன்ட்டும் (குறிச்சு வச்ச இடம்) டிராக்கும் மட்டும்தான். ஈட்ரெக்ஸ் 20, 30, அதுக்கப்புறம் வந்த 22எக்ஸ், 32எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 64, 65, 66 வரிசை இதுலலாம் ஏறும். செகண்ட் ஹேண்ட்ல வாங்குறதா இருந்தா மெமரி கார்டு ஸ்லாட் இருக்கான்னு பேட்டரி மூடியைத் திறந்து பாருங்க, அங்கதான் மைக்ரோ எஸ்டி போற இடம் இருக்கும்.

இன்னொண்ணு, இன்ரீச் மாதிரி சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற டிவைஸ்களை இந்தியாவுல அரசாங்க அனுமதி இல்லாம வச்சிருந்தா சட்டப்படி சிக்கல், ஏர்போர்ட்ல புடிச்சு கேஸ் போட்டது நடந்திருக்கு. வெளிநாட்டுல இருந்து யாராவது வாங்கிட்டு வர்றேன்னு சொன்னா அந்த வசதி இல்லாத மாடலா கேளுங்க.

மேப் எங்க கிடைக்கும்

எல்லாத்துக்கும் மூலம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான், 2004ல இங்கிலாந்துல ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பிச்சது, உலகம் பூரா இருக்கிற ஆளுங்க அவங்கவங்க தெருவையும் மலையையும் தாங்களே வரைஞ்சு சேத்தது. அந்த டேட்டாவை கார்மின் டிவைஸ் அப்படியே படிக்காது, ஐஎம்ஜி ஃபார்மேட்டுக்கு மாத்தணும், அந்த வேலையை ஏற்கனவே பண்ணி வச்சிருக்கிற இடத்துல இருந்து எடுக்கிறதுதான் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது.

நான் முதல்ல கைகாட்டுறது பிபிபைக் எக்ஸ்ட்ராக்ட்ங்கிற சைட்டு. மேப்ல ஒரு சதுரம் போட்டு இந்த ஏரியா மட்டும் வேணும்னு சொல்லலாம், ஃபார்மேட் லிஸ்ட்ல கார்மின்னு ஆரம்பிக்கிறது நிறைய இருக்கும், ஈமெயில் குடுத்தா கொஞ்ச நேரத்துல லிங்க் வந்துடும். உதாரணத்துக்கு கொடைக்கானல்ல இருந்து மூணாறு வரைக்கும் ஒரு சதுரம் போடுங்க, பேரிஜம், வட்டவடை, டாப் ஸ்டேஷன், குரங்கணி, கொழுக்குமலை எல்லாம் உள்ள வந்துடும், ஃபைலும் சின்னதா இருக்கும். சதுரத்தை தேவைக்கு மேல கொஞ்சம் பெருசாவே போடுங்க, மலைல வழி தப்பினா தப்புற இடம் எப்பவும் ஓரத்துலதான் இருக்கும்.

ஃபார்மேட் எடுக்கும்போது இதை மட்டும் கவனிங்க. யூடிஎஃப்8, லத்தீன்1னு எழுத்தைப் பதியுற முறை ரெண்டு வகை இருக்கும். யூடிஎஃப்8னா தமிழ் எழுத்தும் வரும்னு ஆசையா அதை எடுக்கத் தோணும், ஆனா புது கார்மின் டிவைஸ் பலதுல அந்த வகை மேப்பைப் போட்டா மேப்பை சரிபாக்க முடியலைன்னு மெசேஜ் காட்டிட்டு திறக்கவே திறக்காது, திறந்தாலும் உள்ள தமிழ் ஃபான்ட் கிடையாது. லத்தீன்1 எடுங்க, ஊர் பேரு இங்கிலீஷ் எழுத்துல வரும், வேலை நடக்கும். தமிழ்ல மேப் பாக்கணும்னா ஃபோன்ல ஓஸ்ம்அண்ட் ஆப் இருக்கு, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், அதுல மேப் மொழியைத் தமிழ்னு வச்சா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல தமிழ்ப் பேரு போட்டிருக்கிற இடமெல்லாம் தமிழ்லயே காட்டும்.

மலையேறப் போறவங்களுக்கு ஓப்பன்டோப்போமேப் குடுக்கிற கார்மின் ஃபைலையும் சொல்லணும். நாடு நாடா பிரிச்சு வச்சிருப்பாங்க, மேப் ஒரு ஃபைல், காண்டூர் கோடு (ஒரே உயரத்துல இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு) தனி ஃபைல். காண்டூர் இல்லாத மேப்பை வச்சுக்கிட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகாதீங்கன்னுதான் சொல்வேன். ரெண்டு கிலோமீட்டர்னு மேப்ல பாத்தா சின்னதா தெரியும், அந்த ரெண்டு கிலோமீட்டர்ல ஐநூறு மீட்டர் ஏத்தம் இருக்குன்னு காண்டூர் கோடு நெருக்கமா இருக்கிறதைப் பாத்தாதான் தெரியும், தண்ணி எவ்வளவு எடுக்கணும், இருட்டுறதுக்குள்ள இறங்க முடியுமா எல்லாம் அதுலதான் இருக்கு.

டிவைஸ்ல ஏத்துறது

இது பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல, பென்டிரைவ்ல ஃபைல் காப்பி பண்ணத் தெரிஞ்சா போதும்.

1. யூஎஸ்பி கேபிள்ல கம்ப்யூட்டரோட இணைங்க, டிவைஸ் ஒரு டிரைவ் மாதிரி திறக்கும், கார்டு போட்டிருந்தா ரெண்டு டிரைவ் தெரியும். ஏத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற கார்மின் ஃபோல்டரை முழுசா கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து வச்சுடுங்க. ஜிமேப்பிமேப்னு (gmapbmap.img) ஒரு ஐஎம்ஜி ஃபைல் இருக்கும், அதுதான் பேஸ்மேப், அதைத் தொடவே தொடாதீங்க.

2. நம்ம மேப் போக வேண்டிய இடம் மெமரி கார்டு. கார்டை ஃபேட்32ங்கிற முறைல ஃபார்மேட் பண்ணி, அதுல கார்மின்னு இங்கிலீஷ்ல ஒரு ஃபோல்டர் போட்டு, இறக்கின மேப்ல இருக்கிற ஜிமேப்சப்ங்கிற (gmapsupp.img) ஐஎம்ஜி ஃபைலை அதுக்குள்ள வைங்க. பழைய மாடல்ல அந்த ஒரே பேருதான் செல்லும், ஒரே ஒரு ஃபைல்தான். ஈட்ரெக்ஸ் 20லயும் அதுக்கு அப்புறம் வந்ததுலயும் பேரு எப்படி வேணா வச்சுக்கலாம், கொடைன்னு ஒண்ணு, காண்டூர்னு ஒண்ணுன்னு நாலஞ்சு ஃபைல் கூட வைக்கலாம். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, ஃபேட்32 அதுக்கு மேல ஏத்துக்காது. டிவைஸ் வழியா காப்பி பண்ணா ரொம்ப மெதுவா போகும், கார்டைக் கழட்டி கார்டு ரீடர்ல போட்டுப் பண்ணுங்க.

3. கேபிளை அப்படியே புடுங்காதீங்க, இஜெக்ட் குடுத்துட்டு எடுங்க. லினக்ஸ்லயும் மேக்லயும் இன்னொரு விஷயம் இருக்கு, டிவைஸ்ல இருந்து ஒரு ஃபைலை டெலீட் பண்ணா அது டிவைஸுக்குள்ளயே ஒரு மறைஞ்ச டிராஷ் ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கும், இடம் காலியாகாது, டிராஷை காலி பண்ணிட்டு இஜெக்ட் பண்ணுங்க.

4. டிவைஸை ஆன் பண்ணி செட்டப்புக்குள்ள மேப்புக்குப் போனா மாடலைப் பொறுத்து மேப் இன்ஃபர்மேஷன்னோ கான்ஃபிகர் மேப்ஸ்னோ இருக்கும், அதுல நம்ம மேப்பை எனேபிள் பண்ணுங்க. ஒரே ஏரியாவுக்கு ரெண்டு மேப் இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மறைக்கும், தேவையில்லாததை டிசேபிள் பண்ணுங்க. காண்டூர் ஃபைல் மட்டும் டிரான்ஸ்பரன்ட்டா இருக்கும், அது கூடவே இருக்கலாம்.

பவர் பேங்க்ல இணைச்சா உடனே கம்ப்யூட்டர் மோடுக்குப் போய் மேப்பே தெரியலைன்னா, செட்டப்ல சிஸ்டம், இன்டர்ஃபேஸ்ல போய் கார்மின் ஸ்பேனர்னு மாத்துங்க, அப்போ மாஸ் ஸ்டோரேஜுக்கு (பென்டிரைவ் மாதிரி திறக்குற மோடு) போகவான்னு கேக்கும், நோ குடுத்துட்டு மேப்பைப் பாத்துக்கிட்டே நடக்கலாம்.

கம்ப்யூட்டர்ல எந்த சாஃப்ட்வேர்

கார்மினோட பேஸ்கேம்ப் விண்டோஸ், மேக் ரெண்டுக்கும் இருக்கு, இலவசம், ஆனா ஓப்பன் சோர்ஸ் இல்ல, லினக்ஸுக்கும் கிடையாது. ஓப்பன் சோர்ஸ்ல தேடும்போது நான் பாக்குறது, கடைசி ரிலீஸ் எப்ப வந்துச்சு, ஐஎம்ஜி மேப்பை நேரடியா திறக்குமா, நெட் இல்லாம வேலை செய்யுமா, டிராக்கும் வேபாய்ன்ட்டும் இருக்கிற ஜிபிஎக்ஸ் ஃபைலை ஒழுங்கா வாங்கி ஒழுங்கா குடுக்குமா. இந்த நாலையும் வச்சு சலிச்சா ஐம்பது பெயரும் மூணா குறைஞ்சிடும்.

வெறும் பாக்குறதுக்குன்னா ஜிபிஎக்ஸ்சீ. சின்ன சாஃப்ட்வேர், பழைய லேப்டாப்லயும் சட்டுனு திறக்கும், ஐஎம்ஜி மேப்பைக் காட்டும், டிராக்கைத் திறந்தா ஏத்த இறக்கம், வேகம் எல்லாம் கிராஃபா வரும். ஆனா இதுல எடிட் பண்ண முடியாது, வ்யூவர் மட்டும்தான். புதுசா வர்றவங்க இதுல ஆரம்பிச்சா பயம் போயிடும்.

பாதை திட்டமிட க்யூமேப்ஷாக். ஆலிவர் ஐக்லர் எழுதினது, முன்னாடி க்யூலேண்ட்கார்ட்டேன்னு இருந்ததோட அடுத்த பிறவி, லினக்ஸ், விண்டோஸ், மேக் மூணுலயும் ஓடும், டெபியன், உபுண்டுல பேக்கேஜாவே கிடைக்கும். முதல் தடவை திறந்தா காலியா ஒரு ஜன்னல்தான் தெரியும், பல பேர் இது வேலை செய்யலைன்னு அன்இன்ஸ்டால் பண்றது இங்கதான். ஃபைல் மெனுவுல மேப் பாத் செட் பண்ற இடத்துக்குப் போய் நீங்க ஐஎம்ஜி வச்சிருக்கிற ஃபோல்டரைக் காட்டுங்க, அப்புறம் பக்கத்துல வர்ற மேப் லிஸ்ட்ல அந்தப் பேரு மேல ரைட் கிளிக் பண்ணி ஆக்டிவேட் குடுங்க. ஆக்டிவேட் பண்ற வரைக்கும் எதுவும் தெரியாது, பண்ணதும் டிவைஸ்ல என்ன மேப் இருக்கோ அதே மேப் பெரிய ஸ்கிரீன்ல வந்துடும். காசு குடுத்து வாங்கின பூட்டுப் போட்ட மேப் இதுல திறக்காது, ஓப்பன் மேப் திறக்கும்.

அடுத்து வொர்க்ஸ்பேஸ்ல ஒரு காலி ப்ராஜெக்ட் உருவாக்கிட்டு டிராக் வரைய ஆரம்பிக்கலாம். பாதையை ஒட்டித் தானா கோடு போகணும்னா ரௌட்டினோ, பிரௌட்டர்னு ரூட் கணக்குப் போடுற புரோகிராம்ல ஒண்ணை சேத்து செட் பண்ணணும், ஐஎம்ஜி மேப்பை வச்சு க்யூமேப்ஷாக் தானா ரூட் போடாது. ஆரம்பத்துல அது வேண்டாம், கையாலயே புள்ளி புள்ளியா வரைங்க, எங்க வளைவு, எங்க ஓடை குறுக்க வருதுன்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே வரையும்போது பாதை மனசுல பதிஞ்சிடும், மலைல பேட்டரி தீந்தா அந்த ஞாபகம்தான் கை குடுக்கும். டிவைஸை இணைச்சா அதுவும் வொர்க்ஸ்பேஸ்லயே ஒரு பெட்டியா வந்து நிக்கும், டிராக்கை அதுக்கு காப்பி பண்ணிக்கலாம். புது மாடல் சிலது, டிரைவ் மாதிரி திறக்காம, ஃபோன் இணையுற மாதிரி எம்டிபி மோடுல இணையும், அப்போ டிவைஸ் தெரியாமப் போகலாம், டிவைஸ் செட்டிங்ல மாஸ் ஸ்டோரேஜுக்கு மாத்த வழி இருந்தா மாத்திக்கோங்க.

மூணாவது ஜிபிஎஸ்பேபல். ராபர்ட் லைப் ஆரம்பிச்சது, ரொம்ப வருஷமா இருக்கு. நண்பர் ஒருத்தர் கூகுள் எர்த்துல திறக்குற கேஎம்எல் ஃபைல் அனுப்பியிருப்பார், டிவைஸ் ஜிபிஎக்ஸ்தான் கேக்கும், அதை மாத்திக் குடுக்கும். டிராக்ல புள்ளி அதிகமா இருந்தா குறைச்சும் குடுக்கும், பழைய மாடல்ல சேமிச்ச டிராக்குக்கு 500 புள்ளிதான் வரம்பு, அதுக்கு மேல இருந்தா வால் பகுதியை வெட்டிடும், இறங்குற வழி இல்லாம ஏறுற வழி மட்டும் நிக்கும். புது மாடல்ல 10,000 புள்ளி வரைக்கும் தாங்கும். கமாண்ட் டைப் பண்ணி ஓட்ட வேண்டாம்னா ஜன்னல் வச்ச வெர்ஷனும் கூடவே வரும்.

ரூட்டா, டிராக்கா

இதைத் தனியா சொல்லியே ஆகணும். ரெண்டும் மேப்ல ஒரே மாதிரி கோடாத்தான் தெரியும், ஆனா ரூட்னு அனுப்பினா நீங்க குடுக்கிறது சில புள்ளிகள் மட்டும்தான், நடுவுல எப்படிப் போறதுன்னு டிவைஸ் தன்கிட்ட இருக்கிற மேப்பை வச்சு தானா கணக்குப் போடும். செட்டிங்ல கார்னு இருந்தா ஒத்தையடிப் பாதையை விட்டுட்டு நாப்பது கிலோமீட்டர் தார் ரோட்டைச் சுத்திக் காட்டும், மேப்ல பாதை துண்டு துண்டா இருந்தாலும் அதே கதிதான். டிராக்னா நீங்க வரைஞ்ச கோடு வரைஞ்சபடியே இருக்கும், டிவைஸ் அதுல கை வைக்காது. மலைக்குன்னா டிராக்தான், யாரு என்ன சொன்னாலும் டிராக்தான். டவுன்ல பைக்ல போறதுக்கு ரூட் வச்சுக்கோங்க.

நம்மளே மேப் செய்றது

ரெடிமேட் மேப் பழகினதுக்கு அப்புறம் இதுக்கு வாங்க. ஜெர்மனில இருக்கிற ஜியோஃபேப்ரிக் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவை தினமும் ஏரியா ஏரியாவா வெட்டிப் போடுது, இந்தியாவுக்குள்ள சதர்ன் ஜோன்னு எடுத்தா தமிழ்நாடும் கேரளாவும் அதுல வந்துடும், இலங்கை தனியா இருக்கு. அந்த பிபிஎஃப் ஃபைலை ஸ்ப்ளிட்டர்ங்கிற புரோகிராம்ல குடுத்தா சின்னச் சின்ன துண்டா வெட்டும், அந்தத் துண்டுகளை எம்கேஜிமேப்புக்குக் குடுத்தா ஐஎம்ஜியா சமைச்சுக் குடுக்கும். ரெண்டும் ஜாவால ஓடுறது, ஜாவா இருந்தா போதும், இன்ஸ்டால் பண்ற வேலையே இல்ல. ஸ்ப்ளிட்டர் வேலை முடிஞ்சதும் டெம்ப்ளேட்னு ஒரு ஃபைல் வைக்கும், எம்கேஜிமேப்புக்கு அந்த ஃபைலைக் காட்டி, ரூட் ஆப்ஷனையும் ஜிமேப்சப் ஆப்ஷனையும் சேத்துக் குடுத்தா டிவைஸுக்குப் போற ஃபைல் ரெடி. மெமரி பத்தலைன்னு நின்னா ஜாவாவுக்கு கூடுதல் மெமரி ஒதுக்கிக் குடுக்கணும்.

ரெண்டு மேப் செஞ்சு ரெண்டையும் ஏத்துறீங்க, ஒண்ணு மட்டும்தான் தெரியுதுன்னா காரணம் மேப் நம்பர். நாம வேற நம்பர் குடுக்கலைன்னா ஸ்ப்ளிட்டர் 63240001ல இருந்துதான் எண்ண ஆரம்பிக்கும், ரெண்டுலயும் அதே நம்பர் இருந்தா டிவைஸ் ஒண்ணைத்தான் எடுத்துக்கும். ரெண்டாவது செய்யும்போது மேப் ஐடியையும் ஃபேமிலி ஐடியையும் வேற நம்பரா குடுங்க.

காண்டூரும் நாமளே செய்யலாம், பைஹெச்ஜிடிமேப்னு ஒரு புரோகிராம் இருக்கு. அதுக்கு வேணுங்கிற உயர டேட்டா பெரும்பாலும் 2000 பிப்ரவரில எண்டவர் விண்கலம் ரேடார் வச்சு அளந்ததுல இருந்து வர்றது. செங்குத்தான பாறைப் பக்கம் அந்த டேட்டா மழுங்கலா இருக்கும், அங்க கோட்டை நம்பி ஓரத்துக்குப் போகாதீங்க.

பழைய சர்வே ஆஃப் இந்தியா ஷீட்டை ஸ்கேன் பண்ணி வச்சிருக்கிறவங்க க்யூஜிஐஎஸ்ங்கிற ஓப்பன் சோர்ஸ் மேப் புரோகிராம்ல ஜியோரெஃபரன்ஸ் பண்ணி (படத்துல இருக்கிற புள்ளிகளை நிஜ இடத்தோட பொருத்தி), கேஎம்இசட் ஃபைலா மாத்தி டிவைஸ்ல கஸ்டம் மேப்ஸ் ஃபோல்டர்ல போடலாம். ஆனா பழைய ஷீட் எவரெஸ்ட் டேட்டம்ல (இடத்தைக் குறிக்க வச்சிருக்கிற அடிப்படைக் கணக்கு) போட்டது, ஜிபிஎஸ் எடுத்துக்கிறது டபிள்யூஜிஎஸ்84ங்கிற வேற கணக்கு, அதை மாத்தாம ஏத்தினா நம்ம பக்கம் நூறு மீட்டருக்கு மேலயே தள்ளிக் காட்டும், ஓடைக்கு இந்தப் பக்கம் நிக்கிற உங்களை அந்தப் பக்கம் காட்டும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

வீட்டு வாசல்ல ஒரு தடவை ஆன் பண்ணி, தெருவைச் சுத்தி நடந்து, மேப் தெரியுதா, டிராக் பதியுதா, போற இடத்துக்கு நகர்த்திப் பாத்தா அங்கயும் விவரம் இருக்கான்னு பாத்துடுங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல நம்ம மலைப்பக்கம் ரோடு நல்லா இருக்கும், ஒத்தையடிப் பாதை சில இடத்துல அருமையா இருக்கும், சில இடத்துல ஒண்ணுமே இருக்காது. மேப்ல பாதை இருக்குங்கிறதுனால அதுல போகலாம்னு அர்த்தம் இல்ல. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீல அத்தனை பேரை இழந்தோம், அதுக்கப்புறம் டிரெக்கிங்குக்கு தனி விதிகளே வந்துச்சு, இப்போ 2024ல இருந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு வனத்துறையே பாதைகளைப் பதிவு பண்ணி கைடோட கூட்டிட்டுப் போறாங்க. அனுமதி வாங்கிட்டு, கைடு சொல்றதைக் கேட்டு நடங்க, மேப்பும் கைடும் வேற வேற சொன்னா கைடு சொல்றதுதான். ரீசார்ஜ் பேட்டரி போட்டீங்கன்னா செட்டிங்ல பேட்டரி வகையையும் மாத்துங்க, இல்லைன்னா சார்ஜ் அளவு தப்பாக் காட்டும், ஒரு ஜோடி டபுள் ஏ எக்ஸ்ட்ராவா பையில இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் டிவைஸ்ல கார்மின் ஃபோல்டருக்குள்ள ஜிபிஎக்ஸ் ஃபோல்டரைத் திறங்க, கரன்ட்ல இப்போ ஓடுற டிராக், ஆர்கைவ்ல பழசு இருக்கும். காப்பி எடுத்து ஜிபிஎக்ஸ்சீல பாருங்க, மேப்ல இல்லாத பாதைல நடந்திருந்தா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஒரு அக்கவுன்ட் போட்டு, ஜேஓஎஸ்எம்ங்கிற மேப் திருத்துற புரோகிராம்ல அந்த டிராக்கைத் திறந்து, மேல பாதையை வரைஞ்சு சேத்துடுங்க. கூகுள் மேப்பைப் பாத்து காப்பி அடிக்கக்கூடாது, லைசென்ஸ் இடம் குடுக்காது, நீங்க நடந்ததை மட்டும் போடுங்க. அனுமதி தேவைப்படுற பாதைன்னா அதையும் ஆக்சஸ் டேக்ல (யாரு போகலாம்னு சொல்ற குறிப்பு) குறிச்சிடுங்க, ஊத்து, குடிதண்ணி, ஒதுங்குற ஷெட் எதாவது பாத்திருந்தா அதையும் சேருங்க. ஜியோஃபேப்ரிக்ல அடுத்த ஃபைல் ஒண்ணு ரெண்டு நாள்ல வந்துடும், அதை எடுத்து எம்கேஜிமேப்ல ஓட்டினா நீங்க வரைஞ்ச பாதை உங்க டிவைஸ்லயே தெரியும்.